ஒரு கட்டம், இரண்டு எண்கள்

“எட்டு பத்துலேருந்து எட்டே முக்காலுக்குள்ள வருவேன் பாய்” என்று போனில் சொல்லிவிட்டு, எட்டு பன்னிரண்டுக்கே மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் நிற்கிறார் அன்புக்கரசி. ஆட்டோக்காரர் பீர் முஹம்மதுக்கு இது பழகிவிட்டது. “டைம் கேட்டா கணக்கு சொல்லிக்கினு கீறியேக்கா” என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்புவார்.

அடையாற்றில் நானும் அன்புக்கரசியும் வேலை பார்க்கும் ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு ஒரே வேலை. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலந்தால் உலகத்துக்கு எத்தனை ரூபாய் நஷ்டம் என்று கணக்கிட வேண்டும். ஆயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை விடை வரும். வெயில் எவ்வளவு கூடும், கடல் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அனுமானம்தான். எண்பது வருஷம் கழித்து வாழப்போகிறவர்களின் நஷ்டத்தை இன்றைக்கு எவ்வளவாக மதிப்பது என்பதில் ஒரு சதவீதம் மாற்றினால் போதும், விடை இரண்டு மடங்காகிவிடும்.

கேன்டீன் சாம்பாரில் உப்பு எப்படி என்று கேட்டால்கூட, “கம்மியிலேருந்து சரி வரைக்கும்” என்பார். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் காரணம் சொன்னார். அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை.

ஏழு வருடங்களுக்கு முன், டீசல் பஸ்களுக்குப் பதில் மின்சார பஸ் விடும் திட்டம் ஒன்று மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. புகையின் நஷ்டத்துக்குப் படிவத்தில் ஒரே கட்டம். “ரேஞ்செல்லாம் வேணாம் மேடம், ஒரு நம்பர் குடுங்க” என்றாராம் அப்போதைய மேலாளர். கூட்டிச் சொன்னால் கேலி செய்வார்களே என்று பயந்து, டன்னுக்கு ஆயிரத்து ஐநூறு என்று எழுதிவிட்டார் அன்புக்கரசி. இந்தச் சின்ன நஷ்டத்துக்கா இவ்வளவு செலவு என்று திட்டத்தையே கைவிட்டார்கள்.

“தப்பான நம்பர்னா ஒத்துக்கிட்டுப் போயிடலாம். அது தப்புன்னும் சொல்ல முடியல. அந்த நம்பராவும் இருக்கலாம். அதான் மனசு ஆற மாட்டேங்குது” என்றார்.

ஏழு வருடப் புகையை இனி யாரால் திரும்பப் பிடிக்க முடியும்?

போன வாரம் அதே திட்டம் மறுபடி வந்தது, அதே ஒற்றைக் கட்டத்தோடு. இந்த மாதம் ஓய்வு பெறுகிற அன்புக்கரசி ஏதோ ஒன்றை நிரப்பிவிட்டுப் போயிருக்கலாம். கணினி இரண்டாவது எண்ணை வாங்க மறுத்தது. மூன்று முறை முயன்றவர் படிவத்தை அச்செடுத்தார். பேனாவால் ‘1,000 முதல் 20,000’ என்று எழுதினார். கடைசி இரண்டு பூஜ்யங்கள் கட்டத்தைத் தாண்டி வெளியே நின்றன. அவற்றை அடிக்காமல், பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.