பேயின் தலையில் துண்டு

அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று இன்று பஸ்ஸில் சொல்லவில்லை.

பரவை ஸ்டாப்பில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் போனில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேய் வீடு என்று அவர்கள் சொல்லும் வீட்டின் மாடி ஜன்னலில் வெள்ளையாக ஓர் உருவம். எடுத்தது அவர்களில் ஒருவன்.

"தலையப் பாரு மாப்ள, எம்புட்டுப் பெருசு."

அன்று தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டு கட்டியிருந்தேன். ஒரு வருடமாக நான் வாடகைக்கு இருக்கும் மாடி அது. கீழ்வீடு பூட்டியே கிடக்கிறது. என் வேலையும் வீட்டுக்குள்ளேயே, கம்ப்யூட்டரில்.

பக்கத்தில் இருந்த பூக்கார அக்கா எட்டிப் பார்த்தார். தினமும் எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போகிறவர்.

"இந்த வீடா? இதுல ஆளே இல்லையேப்பா. வருசக்கணக்காப் பூட்டிக் கெடக்கு" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீயும் அந்தப் பக்கம் போயிறாத தாயி" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

சாயங்காலம் கீழே பேச்சுச் சத்தம். அதே பையன்கள், கேட்டுக்கு வெளியே, போனை உயர்த்திப் பிடித்தபடி. இந்த முறையாவது சொல்லிவிடலாம் என்று ஜன்னலைத் திறந்தேன்.

"தம்பி, நில்லுங்க. நான் இங்கதான் குடியிருக்கேன்."

ஓடிவிட்டார்கள். ஒருவனுடைய செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது. எடுத்து வந்து படியில் வைத்திருக்கிறேன்.

யாருடையதோ, வந்து பெல் அடியுங்கள். பெல் வேலை செய்கிறது. இப்போதுதான் இறங்கிப் போய் நானே அடித்துப் பார்த்தேன்.