மூடினால் மட்டும் கசியும்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், கையில் டார்ச்சும் ஸ்பேனரும் இருக்கும்போது.

நான் படகு மெக்கானிக். தங்கச்சி வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு பழைய உல்லாசப் படகை வாங்கிப் போட்டார். எஞ்சின் அடியில் எப்போதும் ஈரம். மச்சான் இருக்க என்ன கவலை என்று என் தலையில் கட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார். சாவியோடு ஷெட்டுக்கு வந்தது தங்கச்சிதான். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்தியிருந்தோம்.

எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் வெள்ளை அட்டையை விரித்தேன். சொட்டு விழுகிற இடத்தையும் நிறத்தையும் பார்த்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். பச்சைச் சொட்டு விழுந்தது, வாட்டர் பம்ப்பிலிருந்து கூலன்ட். கறுப்புச் சொட்டு விழுந்தது, கேஸ்கெட் போய் ஒழுகிய ஆயில். இரண்டையும் சரிசெய்து, புது அட்டை வைத்து, எஞ்சின் அறையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால், அட்டை நனைந்திருந்தது. இந்தத் தடவை நிறமே இல்லை. வெறும் தண்ணீர். படகோ தரையில் நிற்கிறது. தண்ணீர் எங்கிருந்து வரும்?

மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். மறுபடி ஈரம்.

மூடினால் மட்டும் கசிகிறது. அப்படியென்றால் உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சின்தான் ஓடவில்லையே, புகைக்கு வழியே இல்லை, ரெண்டு நிமிஷம்தான் என்று சமாதானம் சொன்னேன். நான் கூப்பிட்டதும் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எஞ்சினை ஒட்டி ஒருக்களித்துப் படுத்தேன். மூடி இறங்கியது. மேலே கொக்கி விழும் சத்தம் கேட்டது.

டார்ச்சை அடித்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன.

சொட்...

அட்டையில் இல்லை. என் கழுத்தில்.

வெதுவெதுப்பாக இருந்தது.

டார்ச்சை மேலே திருப்பினேன். மூடியின் உள்பக்கம், கொக்கிக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஈரம் பூத்திருந்தது. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே... அதே மாதிரி.

கையால் துடைத்தேன்.

மறுபடி படிந்தது. மங்கியது. படிந்தது.

என் மூச்சுதான் என்று நினைத்து, அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

ஹா... ஹா...

இப்போது சத்தமும் கேட்டது. என் முகத்துக்கும் மூடிக்கும் நடுவில்.

"திற" என்று கத்தினேன்.

திறக்கவில்லை.

முட்டினேன். உதைத்தேன்.

அந்த மூச்சு... மெதுவாக என் பக்கம் திரும்பியது.

கன்னத்தில் பட்டது.

பளீரென்று வெளிச்சம். தங்கச்சி குனிந்து நின்றாள். நான் எப்படி வெளியே விழுந்தேன் என்று தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் திறக்கவில்லை என்று அவளைத் திட்டினேன். அவள் விழித்தாள். நான் கத்தியதோ உதைத்ததோ எதுவுமே அவள் காதில் விழவில்லையாம்.

"நீதானே அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம், திறக்காதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. திட்டினாலும் பரவாயில்லன்னு நான்தான் திறந்தேன்."

"என் குரலா அது?"

அவள் யோசித்தாள். முகம் வெளுத்தது.

"உள்ள இருந்து பேசினா... அப்படித்தான் கேக்கும்னு நினைச்சேன்."

அந்தப் படகை அப்புறம் நாங்கள் யாரும் தொடவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் விற்றுக்கொடுத்த புரோக்கரைப் போய்ப் பிடித்தார். முதலில் மழுப்பிய ஆள் பிறகு சொல்லிவிட்டான். படகின் பழைய சொந்தக்காரரும் கசிவைத் தேடித்தான் உள்ளே இறங்கினாராம். எஞ்சினை ஓடவிட்டு, மூடியையும் போடச் சொல்லி. புகை அடைத்து உள்ளேயே செத்துப்போய்விட்டார். மேலே காவலுக்கு இருந்தது அவர் மனைவி.

மூடிய கொஞ்ச நேரத்திலேயே அவர் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்தம்மா மட்டும் இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் ஆட்கள் வந்து மூடியைத் திறக்கிற வரைக்கும், அவர் தன்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தார் என்கிறார்.