ஊசி போடாமல் பிடுங்கிய பல்

ஹவுகெட்டோ ரயில் நிலையம். கையுறைக்குள்ளும் விரல்கள் விறைக்கின்றன. பக்கத்தில் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் வீட்டாரோடு போனில் பேசி முடித்ததும், "இந்தியாவோ அண்ணை?" என்று தமிழிலேயே கேட்கிறார். சியரா லியோன்காரர். இந்த நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், கூட வேலை செய்த யாழ்ப்பாணத்தவர்களிடம் பழகிய தமிழ்.

"பல்லுப் புடுங்கினவை. விறைக்கிற ஊசி வேண்டாமெண்டிட்டன்."

வலி மாத்திரையை நீட்டுகிறேன். கையாலேயே மறுக்கிறார்.

"பத்து வயசிலை எங்கடை ஊர்க் கிளர்ச்சிக்காரங்கள் பிடிச்சுக்கொண்டு போய், சுடத் துவக்குத் தந்தவங்கள். சண்டைக்கு முன்னம் போதை ஊசி ஏத்துவாங்கள். வெட்டு விழுந்தாலும் எனக்கு நோகாது. மற்றவைக்கு நோகுமெண்டும் தெரியாது."

"இப்ப வலிக்குதா தம்பி?" என்று அசட்டுத்தனமாகக் கேட்கிறேன்.

"ஓம் அண்ணை. நல்லா நோகுது. நோகட்டும்."