முத்துத்தாய் தல்லாகுளம் பேங்குக்குப் போன நாள்

முத்துத்தாய்க்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். அதில் புருஷன் வீரணனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது இருபத்தைந்து மாதம். கல்யாணமான மூன்றாம் மாதம் கத்தாருக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். பதினோரு தடவை வந்தார், பதினோரு தடவை போனார்.

இடையில் செக்கானூரணிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வீடு எழும்பியது. கொத்தனாரை மிரட்டியது, மணல் லாரிக்காரரோடு மல்லுக்கு நின்றது, கரண்டு ஆபீசுக்கு ஆறு நடை நடந்தது எல்லாம் முத்துத்தாய். ஸ்கூட்டர் ஓட்டப் பழகி மகள் ரோகிணியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். அவளுடைய அப்பா இறந்தபோது வீரணன் போனில்தான் அழுதார். அழுகை பாதியில் இருக்கும்போது சிக்னல் போய்விட்டது.

இந்தத் தடவை மொத்தமாக வந்துவிட்டதாக வீரணன் சொன்னார். முத்துத்தாய் சரியென்று தலையை ஆட்டிவைத்தாள். மொத்தமாக வந்ததை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவள் அவள். முதல் தடவை இரண்டு கறவை மாடு வாங்கினார். மாடுகள் அவர் குரலுக்குப் பழகுமுன் விசா வந்துவிட்டது. அடுத்த தடவை, கொரோனாவுக்குப் பிறகு, ஆட்டோ வாங்கினார். அதில் பெயர் எழுதிய பெயிண்ட் காயுமுன் பிளேன் ஏறிவிட்டார்.

நர்சிங் படிக்கும் ரோகிணிதான் போனில் வழி சொன்னாள். அப்பாவுடைய பேங்குக் கணக்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உள்ளது. மெய்யாகவே வந்துவிட்டார் என்றால் அதை உள்ளூர்க் கணக்காக மாற்றி, உன் பேரையும் சேர்க்கச் சொல். மாற்றாமல் வைத்திருந்தால் ஒரு கால் இன்னும் ஏர்ப்போர்ட்டில்தான் இருக்கிறது என்று அர்த்தம். முத்துத்தாய் சோறு போட்டபடி இதைச் சொன்னபோது, நாளைக்கே போவோம் என்றார் வீரணன். ஒரு மறுப்பும் இல்லை. அவளுக்குச் சந்தோஷமும் சந்தேகமும் ஒரே நேரத்தில் வந்தன.

மறுநாள் அவள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டாள். வீரணன் அடித்த சென்ட்டில் பக்கத்து வீட்டு நாய் தும்மியது. ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். மதுரை ரோட்டில் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை. பைலையும், கத்தாரிலிருந்து கொண்டுவந்த கோடாலித் தைலப் பாட்டில்கள் இருந்த பையையும் மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். காளவாசல் சிக்னலில் அவர் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வேகத்தடையை வேண்டுமென்றே வேகமாக ஏறி இறங்கினாள்.

பேங்கு வாசலில் செக்யூரிட்டி உக்கிரபாண்டி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அவருக்கு ஒரு தைலப் பாட்டில் கிடைத்தது. கவுண்டரில் இருந்த ஆபீசர் சத்யப்ரியா, நாங்கள் எதுவும் வாங்கக்கூடாது என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்த பாட்டிலும் உக்கிரபாண்டிக்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் ஆதாருக்கு விரல்ரேகை பதிய வேண்டும். முத்துத்தாய் விரலை வைத்ததும் மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. வீரணன் வைத்தால் சிவப்பு. வேறு விரல், அதற்கும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. இத்தனை வருஷம் முறுக்கிய கம்பி, ரேகையைத் தேய்த்துத் தின்றிருந்தது. துடைக்கச் சொன்னார் ஒருவர், ஊதச் சொன்னார் இன்னொருவர்.

"ரேஷன் கடையில செய்யிற மாதிரி தலையில தேய்ச்சிட்டு வைங்கண்ணே" என்றார் உக்கிரபாண்டி.

வரிசையில் நின்ற எல்லோரும் வீரணன் தலையைப் பார்த்தார்கள். அது புளிபோட்டு விளக்கிய சொம்பு மாதிரி மின்னியது. முதலில் சிரித்தது வீரணன்தான். பிறகு பேங்கே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் அவர் பைலை மூடினார்.

"சரி, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவோம்."

முத்துத்தாய்க்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாடும் ஆட்டோவும் நிலைக்காமல் போனது இப்படி இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று சொல்லித்தான். காலையிலிருந்து அவர் சட்டைப்பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்ததையும், எடுத்துப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் வைத்ததையும் அவள் கவனித்திருந்தாள். மறுபடியும் விசாதானோ என்று பட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையைத் தன் தலைமேல் வைத்தாள்.

"நல்லா அழுத்தித் தேய்ங்க. காலையிலதான் எண்ணெ வச்சேன்."

இருபத்து மூன்று வருஷத்தில் வெளியிடத்தில் அவள் சுண்டுவிரலைக்கூடத் தொட்டதில்லை அவர். காது சிவந்துவிட்டது. இருந்தாலும் தேய்த்தார். மல்லிகை உதிர்ந்து மேஜையில் விழுந்தது. சத்யப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தாள். இடதுகைக் கட்டைவிரலுக்குப் பச்சை எரிந்தது. யாரோ கைதட்டினார்கள்.

சத்யப்ரியா ஒரு தாளை நகர்த்தினாள். "நிரந்தரமா வந்தாச்சுன்னு இதுல கையெழுத்துப் போடணும். திரும்பிப் போற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிருங்கண்ணே, மாத்த வேணாம்."

முத்துத்தாய் மின்விசிறியைப் பார்த்தாள். வீரணன் எண்ணெய் மினுங்கும் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு முன்னால பொண்டாட்டி தலையில கைய வச்சிட்டேன். இனிமே எங்கிட்டுத்தான் போறது?"

தலையில் கைவைத்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேகை பதிந்தால் போதும் என்று கையைப் பிடித்து இழுத்தவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. வீரணன் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அவளும் போட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு பேர் பெயரிலும் பாஸ்புக் வரும் என்றாள் சத்யப்ரியா.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பியதும், கொஞ்சம் மெதுவாப் போ புள்ள என்றார் வீரணன். அவ்வளவுதான், மடை உடைந்தது.

ஈரத்துண்டை மெத்தைமேல் போடுகிறீர்களே, அது ஒன்று. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தூங்குகிறீர்களே, அது இரண்டு. ரெண்டாயிரத்து நாலில் வந்தபோது என் அண்ணன் வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் எழுந்து வந்தீர்களே, அது என்ன நியாயம்? வீரணன் அசந்துபோனார். அந்த இருபத்தைந்து மாதத்தில் அவர் அவளிடம் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை.

"இதையெல்லாம் ஏன் புள்ள இத்தன வருசமாச் சொல்லல?"

"விருந்தாளிக கூட யாராச்சும் சண்ட போடுவாகளா?"

கோரிப்பாளையம் நெரிசலில் ஆரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக்கொண்டாள். பின்னால் அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். வைகைப் பாலம் ஏறும்போது அவள் ரெண்டாயிரத்து ஆறுக்குத்தான் வந்திருந்தாள்.