தீர்ப்பில் எழுதாத மடி

போன ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி ஆறு நிமிடம். என் மகள் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆறு நிமிடம்தானே என்பீர்கள். ஐகோர்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்... ஆறு நிமிடம் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள்.

எனக்கு விவாகரத்து ஆனதை இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. குடும்ப நீதிமன்றம் மகளை என்னிடம் ஒப்படைத்தது. அவள் அப்பா மாதம் ஒருமுறை, கோர்ட் வளாகத்திலேயே, இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்றது. அவர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு அப்பீல் போனார். அங்கே வந்த உத்தரவு: மகள் என்னோடுதான் — அதில் மாற்றமில்லை. ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, அவர் வெளியே அழைத்துப் போகலாம். தன் குலதெய்வக் கோயிலுக்கும்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் கடுமையாக எதிர்த்தேன். கோயில் எழுமலைப் பக்கம், அவர் சொந்தக்காரர்கள் நிறைந்த ஊர். அங்கே போனால் திருப்பி அனுப்புவார்களா? நீதிபதிகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவள் அவர்கள் மகள் இல்லையே!

போன ஞாயிறன்று அந்தக் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. ஆறு வயதாகிறது. கேஸ் நடந்த காலமெல்லாம் காது மூளியாகவே கிடந்தது.

ஐந்தரை. அவர் போன் ஸ்விட்ச்டு ஆஃப். வக்கீலை அழைத்தேன்.

“அரை மணி நேர லேட்டுக்கெல்லாம் கன்டெம்ப்ட் போட முடியாது மேடம். உசிலம்பட்டி ரோட்டுல டிராஃபிக்கா இருக்கும்.”

“வராமலே போயிட்டா?”

“காலைல மனு போட்ருவோம்.”

காலையிலா? அதுவரை என் பிள்ளை யார் பக்கத்தில் படுப்பாள்?

ஆறேகால். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். தம்பி செந்தில் பைக் சாவியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“தப்பு நம்ம பக்கந்தான்க்கா. தாய்மாமன் மடியில வச்சுத்தான காது குத்துவாக? மச்சான் பத்திரிகையோட என் கடைக்கே வந்து கூப்பிட்டாரு. நீதான் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்ட. அம்புட்டுப் பேரும் எனக்காக உக்காந்திருந்தா?”

“உனக்காக யாருடா உக்காரப் போறா? கோர்ட்ல ஜெயிச்சவருக்கு உன் மடி எதுக்கு?”

“அப்ப ஜட்ஜு மடியிலயா வச்சுக் குத்துவாக?”

அப்பீலில் தோற்ற நாங்கள் உத்தரவை எப்படிப் படிப்போம் தெரியுமா? எழுதியிருப்பதை அல்ல — எழுதாமல் விட்டதை. மணி இருந்தது, கிழமை இருந்தது, கோயில் இருந்தது. தாய்மாமன் வர வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் அவர் தலைகுனியட்டும் என்று.

பக்கத்துக்குப் பக்கம் ‘குழந்தையின் நலன்’ என்று போட்டிருந்ததைப் படிக்கவில்லையா? படித்தேன். அது அவருக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கீழே கார் நின்றது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா படியேறி வந்தார். பட்டுப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. நான் முதலில் பார்த்தது காதை.

குத்தவில்லை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. செந்திலைப் பார்த்துச் சொன்னார்:

“அஞ்சு மணி வரைக்கும் உன்னையப் பாத்தோம் மாப்ள. போன்ல சார்ஜும் போச்சு. எங்க பெரியப்பா தன் மடியில வச்சுக் குத்திருவோம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். புள்ள, மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு... நீ என்னைக்கு வாரியோ, அன்னைக்குக் குத்திக்கிருவோம்.”