காயிலுக்கு அடியில் அந்தோணியார்

திண்டுக்கல்லில் சூசைமுத்துவுக்குத் தொழில், எரிந்துபோன போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. படிப்பு எட்டாவது. கட்டு இறுக்கமாக இருக்கும் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஊருக்கு வெளியே இருக்கும் ஆய்வுக்கூடத்து லிடியா, காந்தக் காயில் கட்டித் தரச் சொல்லி வந்தாள்.

மோட்டார் காயில் வருசக்கணக்கில் ஓடும். இதற்குக் கண்ணிமைக்கும் நேரந்தான் வேலை. வரிசையாக அடுக்கிய கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைத்த கரண்டு மொத்தமும் அந்த நேரத்துக்குள் பாயும். பிறக்கிற காந்தம் காயிலையே பிய்த்தெறியப் பார்க்கும். சூடு தாங்க, திரவ நைட்ரஜனில் முக்கி வைப்பார்கள். அவர் கட்டிய முதல் காயில் வெடித்துச் சிதறிவிட்டது. இது இரண்டாவது. இதுவும் போனால் மூன்றாவது அவரிடம் வராது.

சோதனை அன்று இருவரும் கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். லிடியா சார்ஜ் ஏற்ற ஆரம்பித்தாள். மீட்டர் முள் மெல்ல ஏறியது. சூசைமுத்துவின் போன் அடித்தது. அவர் வீட்டுக்காரி ஆரோக்கியம்மாள்.

"என்னங்க, வெடிச்சிருச்சா?"

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? இன்னும் இல்ல."

"வெடிக்காது. நேத்தே அந்தோணியாரைக் கட்டி விட்டுருக்கேன்ல."

கடையை விட்டு எந்த மோட்டார் கிளம்பினாலும் அவள் கறுப்புக் கயிற்றில் அந்தோணியார் உருவம் பதித்த ஒரு சின்ன அலுமினியச் சுரூபம் கட்டிவிடுவாள். மோட்டாருக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவரும் தடுத்ததில்லை.

"எங்கடி கட்டுன?"

"காயிலு நிக்கிற பைபர் சட்டத்துக்கு அடியில. ஆரு கண்ணும் படாம."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். போன வாரம் லிடியா ஒரு குட்டிக் காயில்மேல் பாட்டில் மூடியை வைத்துக் காட்டினாள். அலுமினியந்தான். கரண்டு பாய்ந்ததும் அது எகிறிக் கூரையில் போய் மோதியது. காலையில் அவள் காந்தத்தைக் கையில் பிடித்துக் காயிலைச் சுற்றித் தடவித் தடவி இரும்புத் துண்டு தேடியதும் நினைவுக்கு வந்தது. சுரூபம் அலுமினியம், அந்தக் காந்தத்தில் ஒட்டியிருக்காது. இப்போது தெறித்தால் நைட்ரஜன் பாத்திரத்தைக் கிழிக்கலாம், காயிலையே கிழிக்கலாம். கட்டு சரியில்லை என்றுதான் பேச்சு வரும்.

நிறுத்தச் சொன்னாலும் வினைதான். மதுரையிலிருந்து வந்த நைட்ரஜன் இன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் காணும். நிற்க நிற்க ஆவியாகிறது. முள் முக்கால்வாசி தாண்டியது.

"பாப்பா, நிறுத்து." அதுவரை அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

லிடியா திரும்பிப் பார்க்காமலே பித்தானை அமுக்கினாள். முள் இறங்கியது. அப்புறந்தான் கேட்டாள். "என்னண்ணே?"

சொன்னார். முள் அடியில் போய்ப் படுத்ததும் மிச்சக் கரண்டு இறங்க எர்த்துக் கம்பியை மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். பாத்திரத்துக்கு வெளியே நின்ற சட்டத்துக்கு அடியில் அவரே குனிந்து கயிற்றை அறுத்தார். நைட்ரஜன் ஆவியாகி இறங்கி, காயிலின் தலையை மட்டுக்கு மட்டாக மூடி நின்றது.

"இது காணுமா, பத்தாதா பாப்பா?"

"தெரியலண்ணே. பாத்துருவோம்."

மறுபடி வெளியே. மறுபடி முள். அவர் உள்ளங்கையில் சுரூபம் வியர்வையில் வழுக்கியது.

டொப்.

போன தடவை வெடித்தபோதும் இதே சத்தந்தான் என்று அவருக்குத் தோன்றியது. லிடியா உள்ளே போய்க் காயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். செத்த நேரம் பொறுத்து இன்னொரு தரம் வைத்தாள்.

"தாங்கிருச்சுண்ணே. அடுத்த காயில் கட்டும்போது அண்ணியைக் கடைப் பக்கம் விடாதீங்க."

போன் மறுபடி அடித்தது.

"என்னாச்சுங்க?"

"தாங்கிருச்சு."

"அந்தோணியாரு கைவிடுவாரா?"

சூசைமுத்து கையை விரித்துப் பார்த்தார்.

"அவரு எங்கூட வெளியதான்டி நின்னாரு."