சிவப்பில் நின்ற முள்

சங்கராபுரம் தாண்டியதும் என் பழைய ஜீப்பில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் சென்சாரிலிருந்து வயரைக் கழற்றினார். அப்போதும் முள் இறங்கவில்லை.

"இஞ்சின் சூடே இல்லீங்க. வயரு தேஞ்சு பாடியில படுது. முள்ளு பொய் சொல்லுது."

சின்ன வயதில் பார்த்த இன்னொரு முள் கண்முன் வந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிரசவ வலியில் துடித்த அம்மாவை, அப்பா தன் வாடகை அம்பாசிடரில் வண்டிப்பாதை வழியாகக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புக் காட்டு நடுவே முள் சிவப்பைத் தொட்டது. இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து அப்பா நிறுத்தினார். ரேடியேட்டரைத் திறந்தார். தண்ணீர் நிறைய இருந்தது, ஆவிகூட வரவில்லை.

"ஆறட்டும், போயிடலாம்" என்றார்.

சாவியைத் திருப்பும்போதெல்லாம் முள் சிவப்புக்கே போனது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. வெயில் சாயும் முன்னே அம்மாவின் கை சில்லிட்டுவிட்டது.

அப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "இஞ்சின் சூடு, நான் இன்னா பண்ணுவேன்" என்று அப்பா இன்றும் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் ஜீப்போடு நேரங்கழித்து வீடு திரும்பியதும் அப்பா கேட்டார், "வண்டிக்கு இன்னாம்மா ஆச்சு?"

"சூடாயிடுச்சுப்பா. ஆற வச்சுதான் எடுத்தாந்தேன்."